கடல் கடந்த தோழியர்

ஒருநாள் மாலை, வகுப்புகள் முடிந்து மாணவிகள் கலைந்து சென்ற பின்னர், உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் பயிலும் பெண் ஒருத்தி ஓர் ஆங்கில நாவலைக் கையில் ஏந்தியவளாய் என் மேசையருகே வந்து நின்றாள். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் அவள். மூன்று தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பம். ஆயினும் வீட்டில் இன்றும் யாழ்ப்பாணத்துப் பேச்சே வழங்குகிறது.

"இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ டீச்சர். எங்கட தமிழில இப்பிடி ஒரு கதை இல்லையோ?" என்று கேட்டாள்.

அன்றிரவே நாவலை வாசித்தேன். ஒருவருக்கொருவர் எவ்வகையிலும் பொருந்தாத, பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் சிலர் ஒன்றாக அயல்நாடு செல்கிறார்கள். ஒருத்தி எதையும் பட்டியலிட்டுச் செய்பவள். மற்றொருத்தி பயணச்சீட்டையே தொலைத்துவிடுபவள். ஒருத்தி ஓயாமல் பேசுவாள். இன்னொருத்தி வாய் திறக்கமாட்டாள். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டார்கள். வழியில் சண்டையிடுகிறார்கள், பிரிகிறார்கள், ஒருவரைத் தேடி மற்றவர் அலைகிறார்கள். ஈற்றில் தோழியராய் ஊர் திரும்புகிறார்கள். மேலைநாடுகளில் இளம் பெண்களுக்கென எழுதப்படும் நாவல்களில் இஃதொரு பழகிய வகை. கதையில் பெரிய ஆழம் ஒன்றும் இல்லை. எனினும் புத்தகத்தை மூடியபின் அம்மாணவியின் வினா என்னை விட்டபாடில்லை. தமிழில் இப்படி ஒரு கதை இல்லையா?

இரண்டு சிறுவர்கள் வீட்டைவிட்டு ஓடிப்போய் ஒரு தீவில் குடியேறும் கதை நம் நாட்டில் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 ஆம் ஆண்டு சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ'வை அறியாத சிங்கள மாணவர் இலர். வீட்டுப் பிள்ளையான உபாலியும் வேலைக்காரப் பையனான ஜின்னாவும் பொருந்தாத இணைதான். ஆயினும் தீவில் இருவரும் தோழராயினர். அவர்கள் ஆண்பிள்ளைகள். உபாலிக்கும் ஜின்னாவுக்கும் திறந்த வழி பெண்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லையே! தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரின் வாழ்வைப் பெண்ணொருத்தியை நடுவில் வைத்துச் சொல்லும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் வெளிவந்தது. அதுவும் கடல் கடந்த கதையே. ஆனால் அஃது உலகம் பார்க்க மேற்கொண்ட பயணம் அன்று. வயிற்றுக்காக வந்த பயணம்.

இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோது சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. நாள்தோறும் வகுப்பில் கற்பிக்கும் நூலையே மறந்துவிட்டு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்! சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை யார்? கடல் கடந்து சென்ற இளம்பெண் அன்றோ?

மறுநாள் வகுப்பில் அக்கதையைச் சொன்னேன். மணிமேகலை நாடகக் கணிகையின் மகள். அவளுடைய தோழி சுதமதியோ அந்தணர் குலத்தில் பிறந்தவள். வடக்கே சண்பை நகரிலிருந்து வித்தியாதரன் ஒருவனால் கவர்ந்து வரப்பட்டுப் புகார் நகரில் கைவிடப்பட்டவள். பிறப்பாலும் வளர்ப்பாலும் ஊராலும் பொருந்தாத இருவர். இந்திரவிழா நாளில் புதுமலர் கொய்ய இருவரும் உவவனம் என்னும் சோலைக்குச் செல்கின்றனர். அங்கே அரசகுமாரன் உதயகுமாரன் தேடி வருகிறான். அன்றிரவு அச்சோலையில் சுதமதி கண்ணயர்ந்திருக்கும் வேளையில், மணிமேகலா தெய்வம் மணிமேகலையை மட்டும் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விடுகிறது. நம் நாட்டு நயினாதீவே அம் மணிபல்லவம் என்று கருதும் அறிஞர் பலர் உளர்.

அயல்நாட்டுக் கடற்கரையில் கண்விழித்த அப்பெண் முதலில் செய்தது என்ன? தெய்வத்தை வேண்டவில்லை, தாயை அழைக்கவில்லை. சுதமதியைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கே ஒளிந்துகொண்டாய் என்று தேடினாள். பின்னர் அத்தீவில் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்தபோது, அப்பிறப்பில் சுதமதி தனக்கு உடன்பிறந்த தமக்கை என்பதையும் அறிந்தாள். பொருந்தாத தோழி என்று நாம் எண்ணியவள் உண்மையில் அக்காள்! இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமிதம். ஆங்கில நாவலுக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று எண்ணி நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "அப்பிடின்னா சுதமதியையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே டீச்சர்?"

கேட்டவள் லுணுகலையை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள். பதுளையில் தூரத்து உறவினளான அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் என்னோடு ஊர் திரும்புவாள். வகுப்பில் அவள் வாய் திறப்பது அரிது. அவள் கேட்ட வினாவுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

பசறையைக் கடந்து வளைவு வளைவாய்ச் செல்லும் அவ்வழியில், அந்த வெள்ளிக்கிழமை நான் என் தாயாரை நினைத்துக்கொண்டே சென்றேன்.

அம்மாவின் தந்தையார் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு ஒரே வாங்கில் அமர்ந்து ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், அத்தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் மகள். கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண்ணும் லயத்துப் பெண்ணும் தோழியராய் இருப்பது அக்காலத்தில் எவருக்கும் உவப்பானது அன்று. ஆற்றங்கரையிலும் மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் மட்டும் இருவரும் சேர்ந்திருப்பார்களாம்.

1964 ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும். 3,00,000 பேர் இங்கே குடியுரிமை பெறுவர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. எண்கள் இவ்வளவே. அவ்வெண்களுக்குள் எத்தனை வாங்குகள் பாதி காலியாயின என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

1973 ஆம் ஆண்டு அம்மாவின் தோழியுடைய குடும்பத்திற்குக் கடவுச்சீட்டு வந்தது. இருவருக்கும் அப்போது பதினாறு வயது. தோட்டத்திலிருந்து லொறியில் பதுளை நிலையத்திற்கும், அங்கிருந்து தொடருந்தில் தலைமன்னாருக்கும், பின் கப்பலில் இராமேசுவரத்திற்கும் செல்லும் பயணம் அது. வழியனுப்ப வந்தோரின் அழுகுரல் கேட்டுக் கேட்டு அந்தத் தொடருந்துக்கு மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்துவிட்டனர். அம்மாவும் நிலையம்வரை செல்ல வேண்டுமென்று கேட்டாளாம். "கணக்கப்பிள்ளை மகள் லொறியிலே ஏறி ஸ்டேஷனுக்குப் போறதா? ஊர் என்ன சொல்லும்?" என்று பாட்டனார் தடுத்துவிட்டார். அம்மா வீட்டுத் திண்ணையில் நின்று, லொறி தேயிலை மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்திருந்தாள்.

அங்கே சென்ற தோழி கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதங்கள் எழுதினாள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்றே தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்து வந்தது. இங்கே கொழுந்து பறித்த கைகள் அங்கும் கொழுந்தே பறித்தன. முதற் கடிதத்திற்கு அம்மா பதில் எழுதினாள். இரண்டாவதற்கு எழுதவில்லை. அயல்நாட்டுத் தபாலுக்கு முத்திரை வாங்கத் தந்தையிடம் காசு கேட்கத் துணிவில்லாமற் போயிற்று என்பாள். அந்த இரண்டாவது கடிதத்தின் முகவரித் துண்டு அபிராமி அந்தாதிப் புத்தகத்தினுள் இன்றும் பத்திரமாய் இருக்கிறது.

இன்று நம் பெண்கள் கடல் கடப்பதில்லையா என்று கேட்கலாம். கடக்கிறார்கள். ஊவாத் தோட்டங்களிலிருந்தும் கிழக்கின் கிராமங்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் செல்வோர் பலர். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005 இல் சவூதி அரேபியாவுக்குச் சென்றபோது அவளுக்குப் பதினேழு வயதே. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். வீட்டுப் பணிக்கென்று சென்றவளிடம் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. அக்குழந்தை இறந்த வழக்கில் 2013 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள் அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. விமான நிலையத்திலும் சரி, அந்த வீட்டிலும் சரி, பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு ஒரு தோழி இல்லை. நம் பெண்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். கூட்டிச் செல்லப்பட்டவர்கள், ஏற்றி அனுப்பப்பட்டவர்கள், தனியே விடப்பட்டவர்கள். தாமே விரும்பி, தம் தோழியோடு, உலகைக் காண்பதற்கென்று சென்றவர் மிகச் சிலரே. ஆகையால்தான் அந்தக் கதை நம்மிடம் இல்லை.

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சின்னாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலாய் மீண்டும் ஓடலாயிற்று. அதன்பின் வந்த ஒரு விடுமுறையில் எங்கள் தமிழ் மன்றத்தினர் பூம்புகார் சென்றுவர முடிவு செய்தனர். மணிமேகலை புறப்பட்ட ஊரை மாணவிகள் தம் கண்ணால் காணட்டும் என்பது என் ஆசை. துணிக்கடைக்காரரின் மகள் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தாள். கடைசி வாங்குப் பெண்ணும் விரும்பினாள். ஆனால் பணம்?

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். துணிக்கடைக்காரர் நல்ல மனிதர். தம் மகளோடு அப்பெண்ணின் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். நான் அந்த மகிழ்ச்சியில், யோசிக்காமல், அதனை வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன். அப்பெண் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். மறுநாள் வந்து, "நான் வரலை டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். காரணம் கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. தருமம் செய்வதில் வலக்கை தருவதை இடக்கை அறியக்கூடாதென்பார்கள். நானோ நாற்பது பேருக்குத் தண்டோரா போட்டுவிட்டேன்.

அதனைச் சரிசெய்தவள் நான் அல்லள், துணிக்கடைக்காரரின் மகள். "சும்மா தரேல்லை, கடன். எழுதி வை. வட்டி இல்லை, ஆனா தராட்டி விடமாட்டன்" என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பியை அவள் கையில் திணித்தாளாம். அந்தக் கொப்பி நிறைந்த கணக்குடன், லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காசில், எட்டு மாதத்தில் கடன் அடைந்தது. ஈற்றுப் பக்கத்தில் இருவர் கையெழுத்தும் இருப்பதை நான் பார்த்தேன்.

பணம் ஒழுங்கானபின் பாட்டி தடுத்தாள். அப்பெண்ணின் பாட்டிக்கு எழுபதைக் கடந்த வயது. "கப்பல் ஏறுனவங்க யாரு தாயி திரும்பி வந்தாங்க?" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். அவளுடைய உடன்பிறந்தார் இருவர் ஒப்பாரிக் கோச்சியில் சென்றவர்கள். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கப்பல் மறுவாரம் திரும்பிவிடும் என்றேன். பயணச்சீட்டில் திரும்பும் நாள் அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டினேன். கிழவி அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்திற்கு ஏறி வந்தாள். முழங்கால் வலியுடையவள், வழியில் மூன்று இடங்களில் அமர்ந்து எழுந்தாள். கணக்கப்பிள்ளை மகள் தன் வாசற்படி ஏறி வந்ததைக் கண்டு கிழவி பதறி எழுந்து பாயை விரித்தாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அந்த லொறியைப் பற்றியும், திண்ணையில் நின்றதைப் பற்றியும் அம்மா சொன்னாள். "என்னை அன்னைக்கு ஸ்டேஷன் வரைக்கும்கூடப் போக விடல. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போறாங்க, சேர்ந்தே வருவாங்க. ஒருத்திய ஒருத்தி விட்டுட்டு வரமாட்டாங்க" என்றாள். கிழவி சற்று நேரம் அடுப்பையே பார்த்திருந்தாள். பிறகு, "போற வழிக்கு ரொட்டி சுட்டுத் தரணும்" என்றாள். அதுவே அனுமதி.

பயணத்தைப் பற்றி விரிவாய்ச் சொல்ல இங்கு இடமில்லை. ஒருத்தி இரண்டு பெட்டி நிறைய உடுப்புக் கொண்டுவந்தாள். மற்றவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். ஒருத்தி விடியும்முன் எழுந்துவிடுவாள். மற்றவளை எழுப்பப் பெரும்பாடு. காங்கேசன்துறையில் சன்னலோரத்து இருக்கைக்காக ஆரம்பித்த பிணக்கு, கடல் சற்றுக் கொந்தளித்து நகரத்துப் பெண் தலைசுற்றிச் சாய்ந்தபோது முடிந்தது. பசறை வளைவுகளில் வளர்ந்தவளுக்குக் கடல் ஒரு பொருட்டாய் இருக்கவில்லை. தோழியின் நெற்றியைப் பிடித்தபடி நாகப்பட்டினம்வரை இருந்தாள்.

ஆனால் ஒரு விந்தையை மட்டும் சொல்லாமல் விட இயலாது. பதுளையில் பேச்சுவன்மை மிக்கவள் துணிக்கடைக்காரரின் மகள். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அவள் நிலை தலைகீழாயிற்று. "எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?" என்று பேருந்து நடத்துநரிடம் கேட்டாள்; அவர் விழித்தார். கடைக்காரரிடம் ஒரு பொருள் 'வடிவாய்' இருக்கிறதென்றாள்; அவருக்கு விளங்கவில்லை. அப்போது கடைசி வாங்குப் பெண் முன்னே வந்து, "எப்ப கெளம்பும்னு கேக்குறாங்கண்ணே" என்றாள். அவளுடைய தோட்டத்துத் தமிழ், முன்னோர் கப்பலேறிய நாளில் உடன் கொண்டுவந்த தமிழ், அங்கே எவருக்கும் எளிதில் விளங்கிற்று. ஐந்து நாளும் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவள் அவளே! எந்தப் பேச்சுக்காக வகுப்பில் வாய் திறக்கக் கூசினாளோ, அந்தப் பேச்சே அயல்நாட்டில் எங்கள் எல்லாருக்கும் வழிகாட்டிற்று. நகரத்துப் பெண் முதலில் வெட்கினாள். பின்னர், எது சொல்வதானாலும் தோழியின் முகத்தைப் பார்க்கப் பழகினாள்.

பூம்புகாரில், காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் நின்றோம். பல்லவனீச்சரத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தையும் கண்டோம். மணிமேகலையின் கதையை மீண்டும் சொல்லத் தொடங்கினேன். இரு பெண்களும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடலில் கால் நனைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கதையை நிறுத்திவிட்டேன்.

புறப்படுமுன் அம்மா அப்பெண்களிடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். கோத்தகிரி முகவரி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய முகவரி. இந்திய முத்திரை ஒட்டி அங்கேயே தபாலில் சேர்க்கும்படி கேட்டிருந்தாள். நாகப்பட்டினத்தில் இருவரும் தேடிச் சென்று சேர்த்துவிட்டு வந்தார்கள். இன்றுவரை பதில் இல்லை. அம்மாவும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் திண்ணைக்கு வந்துவிடுகிறாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பெண்ணுக்குத் 'தகுந்த' தோழியை நாம் தேர்ந்து கொடுக்கப் பார்க்கிறோம். நம் தெரு, நம் பேச்சு, நம் வசதி என்று அளந்து பார்க்கிறோம். நமக்கு ஒத்தவரோடு மட்டும் பழகுவது கண்ணாடி முன் அமர்ந்திருப்பது போன்றதே. அதில் நம் முகம் தெரியும், வழி தெரியாது. கடல் கடக்க வேண்டுமென்பதில்லை. பதுளையிலிருந்து நயினாதீவு வரையேனும், ஏன், லுணுகலையிலிருந்து பிபிலை வரையேனும் அப்பெண்கள் சேர்ந்து போய்வரட்டும். போகும்போது இருவராய்ப் போகட்டும். வரும்போதும் இருவராய் வரட்டும். அதைமட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது அவ்விருவரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதுகிறார்கள். அதே போன்ற நாற்பது பக்கக் கொப்பி. ஒருத்தி 'கதைத்தாள்' என்று எழுதினால் மற்றவள் அதை வெட்டிப் 'பேசினாள்' என்று எழுதுகிறாள். எது சரியென்று தீர்ப்புக் கேட்டு என்னிடம் வந்தார்கள். இரண்டையும் விட்டுவையுங்கள் என்று அனுப்பிவிட்டேன். மூன்று அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. கதைப் பெண்கள் இன்னும் கப்பலேறவில்லை. சன்னலோர இருக்கைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கதையைப் பற்றிக் கேட்கிறாள். சென்ற வாரம் நான் வாசித்துக் காட்டி முடித்ததும் சற்று யோசித்துவிட்டு, "கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே திரும்பி வர்றாங்க?" என்று கேட்டாள்.

"ஆம், அம்மா" என்றேன்.